வெள்ளைக் கோட்டில் ரத்தக் கறையா? வெந்நீர் வேண்டாம்

வார்டில் ரத்தம் எடுக்கும்போது கோட்டின் கையில் துளி தெறித்துவிட்டால், அது காய்வதற்குள் துணியின் உட்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கறையின்மேல் சில சொட்டு விடுங்கள். வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். அடங்கியதும் அலசிவிட்டு, நுரை வருவது நிற்கும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். கையுறை அவசியம்.

ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அந்தக் குமிழிகள் கறையை நூலிலிருந்து தளர்த்துகின்றன. வெந்நீரோ நேர்மாறு. வேகும் முட்டையின் வெள்ளைக்கருபோல ரத்தப் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். விடுதியில் அவசரமாக ஹீட்டர் தண்ணீரில் ஊறப்போட்டே பலர் நல்ல கோட்டுகளை வீணாக்குகிறார்கள்.

பட்டு, கம்பளி, சாயத் துணிகளுக்கு இது ஆகாது, வெளுத்துவிடும். இஸ்திரி போட்ட பழைய கறையும் எளிதில் போகாது. காயத்தில் தடவும் பழுப்புக் கிருமிநாசினியான பொவிடோன் அயோடின் கறைக்குப் பெராக்சைடு வேண்டாம். நிறம் சேர்க்காத வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து ஊற்றினால், அயோடின் நிறமற்ற அயோடைடாக மாறிப் பழுப்பு மறையும்.

கோட்டு ரத்தத்தில் நனைந்தே போயிருந்தால் விடுதிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மருத்துவமனைச் சலவைக்குக் கொடுங்கள். ஊசி குத்தியிருந்தாலோ, கண்ணில் தெறித்திருந்தாலோ கறையை விடுங்கள். அந்த இடத்தைக் கழுவிவிட்டு உடனே பணி மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், அதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.