சீசன் முழுக்கத் தொண்டை கட்டாமல் பாட: இசை நாடக நடிகர்களுக்கு

பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது இரவு முழுக்க நடக்கும் இசை நாடகத்துக்கு, சீசன். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் மங்களம் பாட விடிந்துவிடும். மறுநாள் வேறு ஊர், வேறு மேடை. இதில் குரல் போவது பாட்டால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாட்டைவிடப் பேச்சுதான் தொண்டையைத் தின்கிறது.

ஐந்து கட்டைச் சுருதியில் தார சட்ஜமத்தை (மேல் ஸ்தாயி ‘ஸ’) பிடித்தால் குரல்நாண்கள், அதாவது தொண்டைக்குள் அதிர்ந்து குரலைத் தரும் மடிப்புகள், வினாடிக்குச் சுமார் 392 முறை ஒன்றோடொன்று மோதும். மூச்சு சீராக வந்தால் அந்த மோதலைத் தாங்கிக்கொள்ளும். ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது என்ன ஆகிறது? சுருதி கையில் இருக்காது, மூச்சு தீர்ந்த பிறகும் வசனம் ஓடும், கழுத்து நரம்பு புடைக்கும். அங்கேதான் வீக்கம் தொடங்குகிறது. வசனத்தையும் ஆர்மோனியச் சுருதியை ஒட்டியே பேசிப் பழகுங்கள். ஒரு வீச்சில் எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். எதிராளி கத்தினால் நீங்களும் கத்தத் தேவையில்லை, மைக்கை நாலு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தன் குரல் தன் காதில் விழாதபோது யாரானாலும் கத்தத்தான் செய்வார்கள். அதனால் குழாய் ஸ்பீக்கர் எல்லாம் கூட்டத்தைப் பார்த்தே இருந்தால், மைக்செட்காரரிடம் சொல்லி ஒரு சிறிய பெட்டியை மேடைப் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லுங்கள்.

மேடை ஏறுமுன் கால் மணி நேரம் குரலுக்கென்று ஒதுக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சாதாரண ஜூஸ் ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை ஆழம் முங்கட்டும். உதட்டால் இறுக்கிப் பிடித்து ‘ஊ’ என்று மெதுவாகச் சத்தம் கொடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். தண்ணீர் தெறித்தால் மூச்சை அதிகம் தள்ளுகிறீர்கள். குமிழி வந்து சத்தம் வராவிட்டால் வெறும் காற்றை ஊதுகிறீர்கள், அதில் பலன் இல்லை. ஒரு நிமிடம் கீழ் சுருதியில் பிடித்துவிட்டு, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாக ஐந்தாறு முறை இழுங்கள். குழாய்க்குள் எதிர் அழுத்தம் இருப்பதால் நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமலே அதிரும், சூடேற்ற இதைவிட எளிய வழி கிடையாது. பிறகு ‘ம்’ என்று முனகல், அதன்பின் சரளி வரிசையை (முதல் ஸ்வரப் பாடத்தை) இரண்டு கட்டை தாழ்த்தித் தொடங்கி மேடைச் சுருதிக்கு வாருங்கள். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தைச் சோதித்துப் பார்ப்பது வீண் வம்பு. நாடகம் முடிந்ததும் அதே ஸ்ட்ராவில் மேலிருந்து கீழாக ஐந்து நிமிடம். அதன்பின் வேனில் அரட்டை வேண்டாம். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் இரண்டு மணி நேரம் பேசுவது இன்னொரு தர்க்கக் காட்சிக்குச் சமம். கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, வாயை மூடுவதுதான் ஓய்வு.

தண்ணீர் குடித்ததும் குரல்நாண் நனைந்துவிடும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. உண்மையில் குடிக்கிற நீர் குரல்நாணைத் தொடாமல் உணவுக்குழாய் வழியே போய்விடும். உடம்பில் சேர்ந்து, நாணின் மேல் இருக்கும் சளிப்படலம் இளக மணிக்கணக்கில் ஆகும். அதனால் மேடையில் மடமடவென்று குடிப்பதைவிடப் பகலிலேயே இரண்டரை லிட்டர் குடித்துவையுங்கள். சிறுநீர் வெளுத்துப் போனால் போதும். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம்தான், ஆனால் நாண் வீக்கத்தை அவை ஆற்றாது. அதிமதுரத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், நாள்தோறும் நிறைய மென்றால் ரத்தக்கொதிப்பு ஏறும். ஆவி பிடிக்கலாம், ஆனால் வெறும் தண்ணீரில். தைலம் போட்டால் எரிச்சல்தான்.

விடிகாலை பரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பது பெரிய எதிரி. படுத்ததும் வயிற்றுப் புளிப்பு மேலேறி நாணைச் சுடும். எழுந்ததும் கரகரப்பும் அடிக்கடி கனைக்கத் தோன்றுவதும் அதன் அடையாளம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட்டு, முடிந்தபின் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். தலைமாட்டை அரை அடி உயர்த்திப் படுங்கள். கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். கனைப்பது நாணை நாணால் அறைவது.

தினமும் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு சோதனை: ‘இ’ என்று, பக்கத்தறையில் குழந்தை தூங்குவதுபோல் மிக மெல்லிய குரலில், தார ஸ்தாயியில் ஏறுங்கள். சத்தம் வரத் தாமதித்தாலோ முதலில் காற்று மட்டும் வந்தாலோ நாண் வீங்கியிருக்கிறது. பலமாகப் பாடினால் இது தெரியாது, மறைந்துவிடும். நேற்று ஏறிய இடத்துக்கு இரண்டு ஸ்வரம் கீழேயே உடைந்தால், அன்றிரவு அரைக் கட்டை குறைக்கச் சொல்லி ஆர்மோனியக்காரரிடம் மாலையிலேயே பேசிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே சடாரென்று குரல் போனால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். ‘இந்த ஒரு பாட்டு மட்டும்’ என்று இழுக்காமல் பபூனை (நாடகக் கோமாளியை) மேடைக்கு உள்ளே அனுப்பிவிட்டு இறங்குங்கள். அன்று ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தக்கசிவைக் கூட்டும். மரத்துப்போகச் செய்யும் மிட்டாயும், வீக்கத்தை வற்றச் செய்து மேடையேற்றும் ஊசியும் வலியை மறைக்குமே தவிர காயத்தை ஆற்றாது. மறுநாளே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் கரகரப்பாகத் தோன்றினாலும் மூன்று வாரம் நீடித்தால் அதேதான் வழி, வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.