வயசான எம்எம்ஏ வீரர் இறங்குமுகமா இல்லையா: எடைபோடுவது எப்படி

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டை விளையாட்டில் ஒருத்தர் வரிசையாக மூன்று சண்டை தோற்றதும் "ஆள் முடிஞ்சான்" என்று எழுதுவது, அடுத்த மாசமே ஒன்று ஜெயித்தால் "பழைய ஆள் திரும்பி வந்துட்டார்" என்று குதிப்பது, இரண்டுமே வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்ப்பதால் வருகிற வினை. அந்தக் கணக்கு கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது யாரிடம் தோற்றார், எப்படித் தோற்றார், அதைவிட முக்கியமாக, எப்படி ஜெயித்துக்கொண்டிருந்தார் என்பது.

டோனி ஃபெர்குசனை எடுத்துக்கொள்ளுங்கள். லைட்வெயிட் எடைப்பிரிவில் (155 பவுண்டு வரை) 2013 அக்டோபரிலிருந்து 2019 ஜூன் வரை 12 சண்டை தொடர்ந்து ஜெயித்தவர். பிறகு 2020 மே மாசத்திலிருந்து 2024 ஆகஸ்ட் வரை எட்டு சண்டை தொடர்ந்து தோல்வி, எம்எம்ஏவின் பெரிய நிறுவனமான யூஎஃப்சியின் வரலாற்றிலேயே யாருக்கும் அப்படி ஒரு தொடர் இல்லை, பி.ஜே. பென் கூட ஏழோடு நின்றார். எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு நாள் ராத்திரியில் மனுஷன் மாறிப்போன மாதிரி இருக்கும். அப்படி எல்லாம் நடக்காது.

அந்த எட்டையும் ஒரே குப்பையாகக் கொட்டாமல் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று பேர் கேத்ஜி, ஒலிவேரா, டாரியூஷ். ஒலிவேரா இவரை அடித்த அடுத்த சண்டையிலேயே சாம்பியன் ஆனார். அந்த நேரத்தில் அந்தப் பிரிவில் பெரும்பாலானவர்கள் இந்த மூன்று பேரிடமும் தோற்றிருப்பார்கள், அதனால் இது மட்டும் சரிவுக்குச் சாட்சி ஆகாது. நாலாவது சாண்ட்லர், 2022 மே. முதல் ரவுண்டில் ஃபெர்குசன்தான் சாண்ட்லரைக் கீழே விழவைத்தார், இரண்டாவது ரவுண்டு தொடங்கி 17-வது விநாடியில் தாடைக்கு நேராக ஒரு முன் உதை, அவ்வளவுதான். அந்த உதைக்கு 25 வயசுப் பையனும் விழுவான். அதை வைத்து "தாடை போச்சு", அதாவது அடி தாங்கும் சக்தி போச்சு, என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் 2023-ல் பாபி கிரீனிடம் கடைசி ரவுண்டின் கடைசி விநாடிகளில் சோக்கில் (கழுத்தை நெரிக்கிற பிடி) மாட்டியது, அதே டிசம்பரில் பேடி பிம்ப்லெட்டிடம் பெரும்பாலும் கீழே கிடந்து புள்ளியில் தோற்றது, இவை வேறு ரகம். தரையில் சண்டை போட்டே பேர் வாங்கின ஆள் தரையிலிருந்து எழ முடியாமல் கிடந்தால் அதுதான் பேச வேண்டிய விஷயம்.

சரி, சரிவு எப்போது தொடங்கியது? இங்கேதான் ஜெயித்த சண்டைகளைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். 2016-ல் லேண்டோ வன்னாட்டா, பெரிய பேர் எதுவும் இல்லாத புது ஆள், குறைந்த நாள் நோட்டீசில் வந்தவர், முதல் ரவுண்டில் இவரைக் கிட்டத்தட்ட முடித்திருப்பார். 2017-ல் கெவின் லீ முதல் ரவுண்டில் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். 2018 ஏப்ரலில் ஒரு டிவி ஸ்டுடியோவில் கேபிளில் தடுக்கி விழுந்து முழங்காலில் தசைநார் கிழிந்தது, ஆறே மாசத்தில் திரும்பி வந்து ஆந்தனி பெட்டிஸோடு மோதினார், இரண்டாவது ரவுண்டில் மறுபடி கீழே விழுந்தார். மூன்றிலும் கடைசியில் ஜெயித்தது இவர்தான், லீயை முக்கோணச் சோக்கில் அடக்கி இடைக்கால பட்டமும் வாங்கினார். கேட்க வேண்டிய கேள்வி, எதை வைத்து ஜெயித்தார்? அடி வாங்கிக்கொண்டே முன்னால் போகிற தைரியம், வற்றாத தம், தாங்குகிற தாடை. தாடை ஒரு கையிருப்பு, செலவு ஆனால் திரும்ப வராது. கணக்கில் வெற்றி ஏறிக்கொண்டே இருக்கும்போது உள்ளே இது கரைந்துகொண்டிருந்தது.

பிறகு 2020. அப்போதைய லைட்வெயிட் சாம்பியன் கபீபோடு நடக்க வேண்டிய சண்டை கோவிட்டால் ரத்தானது, ஆனாலும் ஏப்ரல் 17 அன்று எடையை 155 பவுண்டுக்கு இறக்கித் தராசில் ஏறி நின்றார். சண்டையே இல்லை, எதற்கு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மூன்றே வாரத்தில் கேத்ஜி சண்டைக்காக மறுபடி அதே எடைக்கு இறங்கினார். உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து இறக்குகிற எடை இது, 36 வயசில் இரண்டு தடவை. அந்தச் சண்டையில் இரண்டாவது ரவுண்டு முடிகிற நேரத்தில் கீழிருந்து மேலே போகிற ஒரு அப்பர்கட் குத்தில் கேத்ஜியை விழவைத்தார், மணி காப்பாற்றியது. மற்றபடி நாலரை ரவுண்டு முழுக்க முகத்தில் வாங்கினார். ஐந்தாவது ரவுண்டில் முன் கையால் நேராகப் போடுகிற ஒரு சாதாரண ஜாப் பட்டதும் தலையை உதறிக்கொண்டு பின்னால் போகிறார், நடுவர் ஹெர்ப் டீன் புகுந்து நிறுத்துகிறார். அந்த ஒரு ஜாபைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பெரிய அடிக்கு விழுவது விபத்தாக இருக்கலாம், சின்ன அடிக்குத் தள்ளாடுவது கணக்குத் தீர்ந்ததற்கு அடையாளம்.

தாடை போனதற்கு இதைவிடத் தெளிவான பாடம் முன்னாள் யூஎஃப்சி சாம்பியன் சக் லிடெல். 2010-ல் ரிச் ஃபிராங்க்ளினோடு மோதியபோது உடம்பைச் செதுக்கிக்கொண்டு வந்தார், நன்றாகவும் ஆடினார், அவர் விட்ட உதையில் ஃபிராங்க்ளினின் கை உடைந்தது. முதல் ரவுண்டு முடிகிற நேரத்தில் பாய்ந்துகொண்டு போனார், எதிர்க் குத்து ஒன்று, லிடெல் மட்டை. எடை பார்க்கும் நாளில் வயிற்றில் கட்டு தெரிகிறது என்று யாராவது ஃபோட்டோ போட்டால் அதை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்து அனிச்சைச் செயல். இதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், வர்ணனையாளர்கள் பழைய பெருமையைப் பாடிக்கொண்டே இருப்பார்கள். முதல் ரவுண்டை மட்டும் போடுங்கள், களைப்பு என்ற சாக்கு அங்கே கிடையாது. இரண்டைக் கவனியுங்கள்: குத்து வருவது கண்ணுக்குத் தெரிந்தும் தலை நகரவில்லையா, வாய்ப்பு கிடைத்தும் கை கிளம்பவில்லையா. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இடுப்பை வளைத்துத் தப்பிக்கிற ஆட்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் அவர்கள் பிழைப்பே நொடியின் ஒரு சிறு பங்கில் ஓடுகிறது. ஆண்டர்சன் சில்வா யூஎஃப்சியில் 16 சண்டை தொடர்ந்து ஜெயித்தவர், 2013 ஜூலையில் வைட்மன் முன்னால் வழக்கம்போல விளையாடினார், அந்த ஒரு தடவை தலை நேரத்துக்குப் பின்னால் போகவில்லை. அப்போது வயசு 38.

பிடித்து இழுத்துக் கீழே போட்டு மேலே உட்காருகிறவர்கள் அதிக காலம் தாங்குவார்கள். குளோவர் டெய்ஷெய்ரா 2016-ல் ஆந்தனி ஜான்சனிடம் 13 விநாடியில் விழுந்தார், 2018-ல் கோரி ஆண்டர்சனிடம் புள்ளியில் தோற்றார், எல்லோரும் முடித்து எழுதிவிட்டார்கள். 2021 அக்டோபரில் 42 வயசில் பிளாஹோவிச்சை இரண்டாவது ரவுண்டில் சோக் போட்டுச் சாம்பியன் ஆனார். எடைப்பிரிவும் இதில் சேரும், கனமான பிரிவுகளில் வேகம் குறைந்தாலும் பலம் கைகொடுக்கும், லேசான பிரிவுகளில் 35 தாண்டினால் பெரும்பாலும் கஷ்டம். விதிவிலக்கு உண்டு. வோல்கனோவ்ஸ்கி நாலே மாச இடைவெளியில் மகச்சேவிடமும் டோபுரியாவிடமும் நாக் அவுட் ஆனார், பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் சண்டைக்கே வராமல் இருந்துவிட்டு 2025 ஏப்ரலில் 36 வயசில் ஃபெதர்வெயிட் பட்டத்தை மறுபடி எடுத்தார். அதனால் நாக் அவுட்டுக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே எத்தனை மாசம் என்பதைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

மருந்து விஷயத்தையும் மறக்கக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்கு அனுமதி இருந்த 2013-ல் விடோர் பெல்ஃபோர்ட் மூன்று பேரைத் தலையில் உதைத்தே முடித்தார். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அதைத் தடை செய்தது. அதற்கு முன்பு, பின்பு என்று இரண்டு வீரர்களாகவே அவரைப் பார்க்க வேண்டும், மொத்தமும் வயசின் வேலை என்று எழுதினால் தப்பு.

இப்போது தரவரிசை. யூஎஃப்சியின் அதிகாரபூர்வப் பட்டியல் 2013-ல் தொடங்கியது, பத்திரிகைக்காரர்கள் கொண்ட குழு ஓட்டுப் போடுகிறது, சாம்பியனுக்குக் கீழே 15 இடம். ஓட்டு என்பதால் பேருக்கு ஒரு மவுசு இருந்துகொண்டே இருக்கும், பெரிய பேர் மெதுவாகத்தான் இறங்கும். நீங்கள் சொந்தமாகப் போடும்போது பேரை மறைத்துவிட்டு, கடைசி இரண்டு வருஷத்தில் யாரை ஜெயித்தார், அந்த ஆள் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தார் என்று மட்டும் பாருங்கள். இரண்டு வருஷத்தில் முதல் 15-க்குள் ஒருத்தரைக்கூட ஜெயிக்கவில்லை என்றால் பட்டியலில் இடம் இல்லை, அவர் யாராக இருந்தாலும் சரி. இதே விதி எதிர்ப்பக்கத்துக்கும்தான்: ஏற்கெனவே ஆறு சண்டை தொடர்ந்து தோற்றிருந்த ஃபெர்குசனை ஜெயித்ததற்காக பிம்ப்லெட்டுக்கு யாராவது படி ஏற்றிக் கொடுத்தால், 2019-ன் ஃபெர்குசனுக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று அர்த்தம்.

எல்லா காலத்துக்குமான பட்டியல் வேறு, இன்றைய பட்டியல் வேறு. முதலாவதில் ஃபெர்குசனின் எட்டுத் தோல்வி அந்த 12 வெற்றியை அழிக்காது. இரண்டாவதில் அந்த 12-க்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது.

ஓய்வு பெற்றுத் திரும்பி வருகிறவர்களைப் பழைய இடத்தில் தூக்கி உட்காரவைக்காதீர்கள், ஒரு சண்டை பொறுங்கள். ஜோசே ஆல்டோ 2024 மே மாசம் திரும்பி வந்து முதல் 15-க்குள் இருந்த ஜொனாத்தன் மார்டினஸை ஜெயித்தார், இடம் கொடுக்கலாம், கொடுத்தார்கள், நியாயம்தான். அக்டோபரில் மாரியோ பௌட்டிஸ்டாவிடம் நடுவர்கள் பிரிந்து தீர்ப்புச் சொன்ன தோல்வி, அதற்காக இறக்க வேண்டியதில்லை. 2025 மே மாசம் மான்ட்ரியலில் ஜஹாபியோடு மூன்றாவது ரவுண்டு: ஆல்டோ அவரைத் தடுமாறவைத்து, முடித்துவிட வேண்டும் என்று கை ஓயும் வரை அடிக்கிறார், ஜஹாபி விழவில்லை, ஆல்டோவுக்குத் தம் போய்விட்டது, அதே ரவுண்டில் கீழே கிடந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். கண்ணும் கையும் அப்படியே இருக்கின்றன, தம் இல்லை. அன்றைக்கே ஓய்வை அறிவித்தார், அறிவிக்காமல் போயிருந்தாலும் என் பட்டியலில் அடுத்த வாரம் அவர் பேர் இருந்திருக்காது.