வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் வரலையா? சொற்களைப் புரிந்துகொண்டே பழுதைத் தேடுங்கள்

போனில் தெரியும் வைஃபை கோடுகள் போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ள நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். ரௌட்டருக்கு வெளியிலிருந்து இன்டர்நெட் வருகிறதா என்பது தனிக் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பல பழுதுகளை நீங்களே பிடித்துவிடலாம். வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் போவோம்.

படி 1: ஓஎன்டி விளக்குகள்

ஃபைபர் கேபிள் வீட்டில் வந்து முடிகிற பெட்டிதான் ஓஎன்டி. பெரும்பாலும் ரௌட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். ஃபைபர் இணைப்பைக் காட்டும் 'பான்' (PON) விளக்கு அணையாமல் எரிய வேண்டும். 'எல்ஓஎஸ்' (LOS) சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெட்டிக்குப் பின்னால் மெல்லிய ஃபைபர் ஒயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் எதை மாற்றியும் பயனில்லை.

படி 2: பேண்ட், சிக்னல், சேனல்

எஸ்எஸ்ஐடி என்பது வைஃபையின் பெயர். அது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பேண்டிலும் (அலைவரிசையிலும்) வரலாம். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகமானது, இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறியும். அவை இணைய மறுத்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சிக்னலை டிபிஎம் கணக்கில் அளப்பார்கள். எண் மைனஸில் வரும்: -50 நன்று, -67 வரை வீடியோ கால் தாங்கும், -80 என்றால் திணறும். 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப்பில் இதைப் பார்க்கலாம்.

அதே ஆப்பில் பக்கத்து வீட்டு வைஃபைகள் எந்தெந்தச் சேனலில் (பேண்டுக்குள் இருக்கும் உட்பிரிவில்) இருக்கின்றன என்றும் தெரியும். 2.4-இல் 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றை எடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். "யாரும் இல்லையே" என்று 3 அல்லது 4-இல் வைத்தால், 1-இல் இருப்பவரோடும் 6-இல் இருப்பவரோடும் சேர்ந்தே மோதுவீர்கள்.

படி 3: ஐபி முகவரி, டிஎச்சிபி

சிக்னல் நன்றாக இருந்தும் போன் "ஐபி முகவரி பெறுகிறது" என்பதிலேயே நிற்கிறதா? விண்டோஸ் கணினியில் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியானால் டிஎச்சிபி வேலை செய்யவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் வேலை அதனுடையது. கேட்வே என்பது ரௌட்டரின் சொந்த முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு. மாடிக்கு சிக்னல் வேண்டும் என்று பழைய ரௌட்டர் ஒன்றை லேன் கேபிளில் மாட்டிவிடுவார்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1, இரண்டும் முகவரி கொடுக்கும். நெட் வரும், போகும், காரணம் பிடிபடாது. சரிசெய்யும் முறை:

1. பழைய ரௌட்டரை மட்டும் தனியாகக் கணினியோடு இணைத்து, அதன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். ஓஎன்டியின் டிஎச்சிபி கொடுக்கும் முகவரி வரம்பு 192.168.1.2-லேயே தொடங்கினால், அதை 192.168.1.10-இலிருந்து தொடங்க வையுங்கள்.
2. புதிய முகவரியில் மறுபடி நுழைந்து டிஎச்சிபியை நிறுத்துங்கள். முதலிலேயே நிறுத்திவிட்டால் கணினிக்கு ஐபி கிடைக்காமல் அந்தப் பக்கத்துக்குள் போக முடியாது.
3. ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து பழைய ரௌட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள் கொடுங்கள். வெளி இன்டர்நெட்டுக்கான வேன் (WAN) போர்ட்டைத் தொட வேண்டாம்.

படி 4: டிஎன்எஸ்

தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். விண்டோஸ் கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் ping 1.1.1.1 என்று அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் வந்து, பெயர் போட்டுத் தேடும் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது இங்கேதான். ரௌட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் யாராவது எதையாவது போட்டு வைத்திருந்தால் அதையும் 'தானியங்கி'க்கு மாற்றுங்கள்.

படி 5: வேகம்

பிளானில் சொல்வது நொடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்). டவுன்லோடு பெரும்பாலும் மெகாபைட்டில் (எம்பி) காட்டும். 8 பிட் ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 எம்பிதான் உச்சம்.

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கேபிளில் சோதித்தால் 94-ஐத் தாண்டவில்லையா? ஏதோ ஒரு போர்ட் 100-க்கு மட்டும் ஆனது, அல்லது கேபிளின் 8 கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.