பாரம் ஏறினால் பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள்

மாதச் சாமான் வாங்க சுங்கை சிப்புட் டவுனுக்கு மோட்டாரில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டார் 100 கிலோ, நீங்கள் 70 என்று வையுங்கள், மொத்தம் 170. திரும்பி வரும்போது பின்னால் 65 கிலோவுக்கு ஓர் ஆள், கூடவே 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு, அதாவது 255, ஒன்றரை மடங்கு. விசை என்பது நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்கினால் வருவது, அதனால் கை அதே அளவுக்குத்தான் பிரேக்கை அழுத்துகிறது என்றால் வேகம் மெதுவாகத்தான் குறையும், தனியாக வந்தால் 10 மீட்டரில் நிற்கிற வண்டி இப்போது 15 மீட்டர் போய்த்தான் நிற்கும்.

வேகம் இன்னும் மோசம். 30-லிருந்து 60-க்கு ஏற்றினால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. செம்பனை லாரி போன ஈரச் செம்மண் பாதை என்றால் டயர் பிடிக்கவே பிடிக்காது, கணக்கெல்லாம் அப்புறம்.

அப்புறம் அந்த அரிசி மூட்டை. காலுக்கு முன்னால் சும்மா வைத்திருந்தேன், மாடு குறுக்கே வந்ததும் பிரேக் போட்டேன், வண்டி நின்றது, மூட்டை நிற்கவில்லை, முன்சக்கரத்து மட்காட் மேல் போய் விழுந்தது. நகர்கிற பொருள் நகர்ந்துகொண்டே இருக்கப் பார்க்கும், நிலைமம் என்பது அதுதான், நியூட்டன் 1687-லேயே எழுதிவைத்தது. பழைய டியூப்பை நாடாவாக வெட்டி இரண்டு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். கயிறு வேண்டாம், குலுங்கினால் தளர்ந்துவிடும்.