சிறந்த ஆல்பம் எது? அதற்கு முன், எந்தப் பதிப்பு?

பீட்டில்ஸின் சிறந்த ஆல்பம் 'ரிவால்வர்'தான் என்கிறார் ஒருவர். அதில் குழுவின் முக்கியப் பாடலாசிரியரான ஜான் லெனன் பாதி விருந்தாளியாகத்தானே இருக்கிறார், எப்படிச் சிறந்ததாகும் என்கிறார் இன்னொருவர். அரை நாள் வாதாடிய பிறகு தெரியவருகிறது, இருவரும் கேட்டது ஒரே இசைத்தட்டு அல்ல. பெயர் ஒன்று, அட்டைப்படம் ஒன்று, உள்ளே இருந்த பாட்டுகள் வேறு. பழைய ரசிகர்கள் ஒரு காலத்தில் அடித்துக்கொண்ட அதே சண்டையை இன்று புதிதாக ராக் கேட்க வருபவர்களும் அப்படியே அடித்துக்கொள்கிறார்கள். சறுக்கும் இடமும் மாறவில்லை.

ஒரே ஒரு ஹிட் பாட்டை வைத்து முழு ஆல்பத்துக்கும் தீர்ப்பு எழுதுவது, அட்டைப்படத்தில் மயங்குவது போன்றவை நாலு ஆல்பம் கேட்டால் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். தானாகச் சரியாகாத தவறுகள் இவை.

விற்பனையை அளவுகோலாக்குவது

ஈகிள்ஸ் குழுவின் பெயரில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975'. அது ஆல்பமே அல்ல, பழைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பு.

பட்டியலின் வரிசை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'. அதே பத்திரிகை 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24ஆம் இடத்துக்குப் போனது. 3ஆம் இடத்தில் இருந்த 'ரிவால்வர்' 11க்கு இறங்கியது. அவர்களின் 'அபே ரோடு' 14இலிருந்து 5க்கு ஏறியது. மூன்று ஆல்பங்களிலும் ஒரு நொடிகூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

வெளிவந்த காலத்து விமர்சனமும் இப்படித்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 1972இல் வந்தபோது விமர்சகர்கள் பலர் தயங்கியே பேசினார்கள். வீஸரின் 'பிங்கர்டன்' 1996இல் திட்டு வாங்கியது. இன்று இரண்டையும் அந்தந்தக் குழுவின் உச்சம் என்று சொல்பவர்கள் ஏராளம்.

பட்டியலால் பயன் உண்டு, ஆனால் வேறு விதத்தில். வெவ்வேறு காலத்துப் பட்டியல்கள் மூன்று நான்கை எடுத்து, ஒரு குழுவின் எந்த இரண்டு மூன்று ஆல்பங்கள் எல்லாவற்றிலும் தலைகாட்டுகின்றன என்று பாருங்கள். கேட்க வேண்டியவை அவை. அவற்றுக்குள் முதலாவது எது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

எந்தப் பதிப்பு என்று பாராமல் கேட்பது

இத்தனை ஆண்டுகளாகியும் எரிச்சல் தீராத தவறு இது. நேரமும் போகிறது, வட்டு வாங்குபவர்களுக்குப் பணமும் போகிறது, கடைசியில் எடுத்த முடிவும் தவறாகிறது.

'ரிவால்வர்' விஷயத்துக்கே வருவோம். 1966 ஆகஸ்டில் பிரிட்டனில் வந்த தட்டில் 14 பாட்டுகள். அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் வெளியிட்டதில் 11தான். விடுபட்ட மூன்றும் லெனன் பாட்டுகள்: 'ஐ'ம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்'. அவற்றை இரண்டு மாதம் முன்பே வேறொரு அமெரிக்கத் தட்டில் போட்டுவிட்டார்கள். விளைவாக, அமெரிக்கத் தட்டில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 3 பாட்டு, லெனனுக்கு 2. "பாதி விருந்தாளி" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது அமெரிக்கத் தட்டு. 1987இல் சிடி வந்தபோதுதான் பிரிட்டன் வரிசை உலகம் முழுவதற்கும் பொதுவானது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' (1967) இன்னும் மோசம். பிரிட்டன் தட்டில் 'பர்ப்பிள் ஹேஸ்', 'ஹே ஜோ', 'தி விண்ட் க்ரைஸ் மேரி' மூன்றும் கிடையாது. அவை சிங்கிள் எனப்படும் தனிச் சிறு தட்டுகளாக வந்தவை. அமெரிக்கத் தட்டு அம்மூன்றையும் சேர்த்துக்கொண்டு 'ரெட் ஹவுஸ்' உட்பட மூன்றை எடுத்துவிட்டது. 1997 முதல் புழங்கும் பதிப்பில் எல்லாம் சேர்ந்து 17 பாட்டு. அதைக் கேட்டுவிட்டு "அறிமுக ஆல்பத்திலேயே இத்தனை ஹிட்டா!" என்று வியப்பவர், 1967இல் எந்த நாட்டிலும் விற்காத ஒரு தட்டைப் புகழ்கிறார்.

அடுத்து கூடுதல் பாட்டுகள். ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) தட்டில் முதல் பக்கம் 'சாங்பேர்ட்' என்ற மெல்லிய பியானோ பாட்டோடு முடியும். தட்டைத் திருப்பினால் 'தி செயின்'. அந்த இடைவெளிக்கு அந்த வரிசையில் ஒரு வேலை இருக்கிறது. 2004 மறுவெளியீட்டில் இரண்டுக்கும் நடுவில் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டைச் செருகினார்கள். அருமையான பாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் 1977இல் நீளம் கருதி விலக்கப்பட்டது அது. அதை வைத்து 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்கு மதிப்பெண் கூட்டினாலும் தப்பு, நடுவில் வேகம் விழுகிறது என்று குறைத்தாலும் தப்பு.

தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' 1970இல் வந்தபோது 6 பாட்டு. 1995 பதிப்பில் 14. 2001இல் இரண்டு சிடி, அந்தக் கச்சேரியில் வாசித்த 'டாமி' என்ற ராக் ஆப்பராவும் உள்ளே. முதலாவது ஒரே மூச்சில் அடித்துவிட்டுப் போகும் தட்டு. கடைசியானது ஏறத்தாழ ஒரு முழுக் கச்சேரியின் ஆவணம். இரண்டையும் ஒரே பெயரால் சொல்லி வாதாடி என்ன பயன்?

இவற்றையெல்லாம் பாட்டு வரிசையைப் பார்த்தே பிடித்துவிடலாம். வரிசை மாறாமல் ஒலி மட்டும் மாறிய பதிப்புகளில்தான் ஏமாறுவது அதிகம். ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையின் ஒலி அளவையும் தொனியையும் திருத்துவது. ரீமிக்ஸ் என்றால் டிரம்ஸ், கிட்டார், குரல் என்று தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப் போய் மறுபடி கலப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஸீஸீ டாப் குழுவின் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' (1973) ஆல்பத்தை 1980களின் சிடிக்காக ரீமிக்ஸ் செய்தபோது டிரம்ஸுக்கு எதிரொலி ஏற்றி 80களின் சத்தமாக்கிவிட்டார்கள். பழைய கலவை சிடியில் திரும்ப 2006 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சிடியைக் கேட்டு "1973க்கு இந்த டிரம்ஸ் செயற்கையாக இருக்கிறது" என்று குழுவைக் குறை சொன்னவர்கள் உண்டு. குழு வாசித்தது அப்படி அல்லவே.

ஆஸி ஆஸ்போர்னின் 'பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்' (1980) இதையும் தாண்டியது. 2002 மறுவெளியீட்டில் பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு வேறு இருவரை வைத்து புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். 2011இல்தான் பழையது மீண்டது. பழைய சிடிக் கடையில் 2002 வட்டைக் கண்டால் தொடாதீர்கள்.

மோனோவும் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) ஸ்டீரியோவும் (இடம் வலம் என இரண்டு தடத்தில்) கூடக் கணக்கில் வர வேண்டும். 60களின் பெரும்பாலான பீட்டில்ஸ் ஆல்பங்களில் குழு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது மோனோவை. ஸ்டீரியோ பெரும்பாலும் பின்னால் விறுவிறுவென்று முடித்த வேலை. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' மோனோவில் 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டைக் கேளுங்கள்: ஸ்டீரியோவைவிட அரைச் சுருதி மேலே, வேகமும் சற்றுக் கூட. ஸ்டீரியோவில் இழுக்கிறது என்று சலித்தவர்களுக்கு மோனோவில் அதே பாட்டு நிமிர்ந்து நிற்கும்.

ஆகவே கேட்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை:

1. ஆல்பம் முதலில் வந்த ஆண்டு, குழுவின் சொந்த நாட்டில் வெளியான பாட்டு வரிசை, மொத்த நிமிடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. உங்கள் இசைச் செயலியில் உள்ள பதிப்போடு ஒப்பிடுங்கள். ஒற்றைத் தட்டு ஆல்பம் பொதுவாக 35 முதல் 45 நிமிடம். 70களின் ஆல்பம் ஒன்று 75 நிமிடம் காட்டினால், இரட்டைத் தட்டாக இல்லாத பட்சத்தில், பின்னால் ஏதோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.
3. ஒட்டியவற்றை நீக்கி, அசல் வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். டெமோ, ஒத்திகை, மாற்றுப் பதிவு எதுவும் வேண்டாம்.
4. முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று பார்த்து, அங்கே நிறுத்தி ஒரு நிமிடம் விட்டுத் தொடருங்கள். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.
5. ஆண்டோடு ரீமிக்ஸ் என்று போட்டிருந்தால் அதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

சத்தத்தைத் தரம் என்று நினைப்பது

இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துப் போட்டால் ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் தெளிவாகவும் கனமாகவும் தோன்றும். காதின் இயல்பு அது. 90களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல ஆல்பங்களும் பழையவற்றின் ரீமாஸ்டர்களும் இதை நம்பியே, தாழ்ந்த ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, மொத்த ஒலியையும் உச்சத்துக்கு நெருக்கியவை. நெருக்கும்போது டிரம்ஸ் அடியின் முனை மழுங்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகும். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008) இதற்கே பெயர்போனது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் நெருக்கப்படாமல் வந்ததால், ரசிகர்கள் அந்த வடிவத்தைத் தேடிப் போனார்கள். ரஷ் குழு 2002இல் வெளியிட்ட 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' ஆல்பத்தை இதே காரணத்தால் 2013இல் முழுவதும் ரீமிக்ஸ் செய்தே வெளியிட நேர்ந்தது.

ஒப்பிடும்போது செயலியில் ஒலியைச் சமன்செய்யும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 'பாட்டு வாரியாக', 'ஆல்பம் வாரியாக' என்று இரண்டு வகை இருந்தால் இரண்டாவது. பாட்டு வாரியாகச் சமன்செய்தால், தாழ்ந்து ஒலிக்க வேண்டிய பாட்டும் ஏறி மற்றவற்றின் உயரத்துக்கு வந்துவிடும். குழு திட்டமிட்ட ஏற்ற இறக்கம் போய்விடும்.

இரட்டை ஆல்பத்துக்குத் தனிச் சலுகை

"பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்பம்' தட்டில் சுமாரான பத்துப் பாட்டைக் கழித்துவிட்டால் அதுதான் சிறந்தது." இந்த வாக்கியம் எல்லா விவாதத்திலும் வரும். கழிக்கலாம் என்றால் 'அபே ரோடு' ஆல்பத்திலும் கழிக்கலாம், 'ரப்பர் சோல்' ஆல்பத்திலும் கழிக்கலாம். 30 பாட்டு, 93 நிமிடம் என்று வெளியிட்டார்கள். தீர்ப்பும் அந்த 93 நிமிடத்துக்குத்தான்.

நீளமாக இருப்பதாலேயே தள்ளிவிடுவதும் சரியல்ல. நான்கு பக்கத்தையும் நான்கு நாளில், நாளுக்கு ஒன்றாகக் கேளுங்கள். லெட் செப்பலினின் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' (1975) ஆல்பத்தின் 15 பாட்டில் 8தான் அதற்கென்று பதிவானவை. மீதி முந்தைய ஆல்பங்களின் பதிவுகளில் மிஞ்சியவை. ஒரே மூச்சில் கேட்டால் ஒட்டுப்போட்டது போலத் தோன்றும். பக்கம் பக்கமாகக் கேட்டால் ஒவ்வொன்றும் தனித் தட்டாக நிற்கும். இதனாலேயே அக்குழுவின் நான்காவது ஆல்பத்தைவிட இதை மேலே வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ஆள் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

பெயர் ஒன்றாக இருப்பதால் குழுவும் ஒன்றாகிவிடாது. தொடக்கக் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் காலத்து ஃப்ளீட்வுட் மேக் ஒரு ப்ளூஸ் குழு. 1975க்குப் பிந்தையது பாப் ராக். பிளாக் சப்பாத்தில் ஆஸி ஆஸ்போர்ன் பாடிய 'பாரனாய்ட்' (1970) ஆல்பத்தையும் அவருக்குப் பின் வந்த டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980) ஆல்பத்தையும் மோதவிட்டால், கடைசியில் ஆஸியா டியோவா என்ற கேள்விதான் மிஞ்சும், ஆல்பம் மறந்துபோகும். முதலில் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜெனிசிஸ் என்றால் பாடகர் பீட்டர் கேப்ரியல் இருந்தவரை ஒன்று, அவர் 1975இல் விலகிய பிறகு ஒன்று. அதற்குப் பிறகும் இரண்டையும் மோதவிட ஆசை இருந்தால் மோதவிடுங்கள்.

விதிவிலக்கு ஏசி/டிசி. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஜூலையில் பிரையன் ஜான்சன் பாடிய 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. கிட்டாரும் டிரம்ஸும் தயாரிப்பாளரும் முந்தைய ஆண்டின் 'ஹைவே டு ஹெல்' ஆல்பத்தில் இருந்தவர்களே. இங்கே நேரடியாக ஒப்பிடலாம்.

நேரலை ஆல்பத்தைக் கலப்பது

கச்சேரியில் பதிவானவற்றுக்குத் தனிப் பட்டியல். டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' (1972) எவ்வளவு உயர்ந்ததானாலும் அக்குழுவின் ஸ்டுடியோ ஆல்பமான 'மெஷின் ஹெட்'டோடு போட்டி கிடையாது. பாதிக்கு மேல் அதன் பாட்டுகளே.

செயலியின் அமைப்பை மாற்றாமல் விடுவது

வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் கிராஸ்ஃபேடை அணைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' போன்ற ஆல்பத்தில் பாட்டுகள் ஏற்கெனவே ஒன்றுக்குள் ஒன்று இணைந்திருக்கின்றன. அதன்மேல் செயலி இன்னொரு கலவையைப் போட்டால் தாளம் இரட்டிக்கும். கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வைத்து, இடைவெளியின்றி ஒலிக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். நிசப்தத்தைத் தாவும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். 'அபே ரோடு' ஆல்பத்தில் 'தி எண்ட்' முடிந்து ஏறத்தாழ 14 நொடி அமைதிக்குப் பிறகுதான் 'ஹர் மெஜஸ்டி' வரும். தாவவிட்டால் அது முந்தைய பாட்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும்.