சமக்குறி நகல் எடுக்காது: ஜாவா கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் ஜாவா நிரல்மொழி சொல்லித் தருகிறேன். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன. தவறுகள் மட்டும் நான் கற்ற காலத்தில் செய்தவையாகவே இருக்கின்றன. அரைப்புள்ளியை விடுவது, அடைப்புக்குறியை மூடாமல் போவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றை, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே தலையில் குட்டிச் சொல்லிவிடும். கம்பைலர் வாயே திறக்காத தவறுகள் சில இருக்கின்றன.

சமக்குறி போட்டால் நகல் வந்துவிடும் என்று நம்புவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதி. சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கூட்டம் வந்து குவியும் என்பதால் அந்த இரு நாட்களுக்கும் தனிக் கட்டணம். என் மாணவன் ஒருவன் அந்த விடுதிக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தான். 'வாரநாள்' என்ற பெயரில் ஒரு கட்டண ஆப்ஜெக்டை (தரவையும் செயலையும் சேர்த்து வைத்த பொருளை) உருவாக்கி அதில் 1,500 ரூபாயை வைத்தான். அடுத்த வரியில் 'வாரஇறுதி = வாரநாள்' என்று எழுதினான். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பொத்தானை அழுத்தினால் வாரஇறுதியின் தொகை 2,500 ஆகிவிடும். முதலில் வாரநாள் பில்லைப் போட்டுப் பார்த்தான், சரியாக வந்தது. பிறகு வாரஇறுதி பில், அதுவும் சரி. கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

திங்கட்கிழமை வந்து தங்கியவர்களுக்கும் 2,500 ரூபாய் பில் போனது. செவ்வாயும் அப்படியே. ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்ட பிறகுதான் விடுதிக்காரருக்கே தெரிந்தது. அதற்குள் அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "தம்பி, நான் வைத்திருப்பது விடுதியா, வழிப்பறிக் கூடமா?" என்று அவர் கேட்டாராம். மாணவனோ என்னிடம் வந்து, "கம்ப்யூட்டரில்தான் கோளாறு சார், ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது" என்று சாதித்தான். அணைத்துப் போட்டால் நிரல் முதல் வரியிலிருந்து ஓடும், 1,500 மறுபடியும் வந்து உட்காரும், அடுத்த வெள்ளி வரை நிம்மதி. இந்தத் தவறு இத்தனை நாள் ஒளிந்திருந்ததற்குக் காரணமே அதுதான்.

நடந்தது இவ்வளவுதான். இங்கே ஆப்ஜெக்டை உருவாக்குவது 'நியூ' மட்டுமே. அந்த நிரலில் அது ஒரே முறைதான் வருகிறது, ஆகவே ஆப்ஜெக்டும் ஒன்றுதான். வாரநாள், வாரஇறுதி இரண்டும் அதை எட்டுவதற்கான ரெஃபரன்ஸ்கள். சமக்குறி அந்த ரெஃபரன்ஸை மட்டும் நகலெடுக்கிறது. அறை ஒன்று, சாவி இரண்டு. எந்தச் சாவியால் திறந்து உள்ளே போய்த் தொகையை மாற்றினாலும் மாறுவது அதே அறையில் இருப்பதுதான்.

முழு எண்களை வைத்துப் பழகியவர்கள் இதில் எளிதாக ஏமாறுகிறார்கள். 'இன்ட்' வகையில் சமக்குறி மதிப்பையே நகலெடுப்பதால் அங்கே எல்லாம் எதிர்பார்த்தபடி நடக்கும். எழுத்துகளைத் தாங்கும் ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பின் மாற்றவே முடியாது என்பதால் அங்கேயும் குட்டு வெளிப்படாது. சொந்தமாக ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுக்கான வார்ப்பு, எழுதும் நாளில்தான் வினை தொடங்குகிறது.

'ஃபைனல்' போட்டால் தப்பிக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. அது வேறொரு ஆப்ஜெக்டைச் சுட்டவிடாமல் தடுக்கும், உள்ளே இருக்கும் தொகையை மாற்றுவதைத் தடுக்காது. ஆப்ஜெக்டை மெத்தடுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு) அனுப்பும்போது நகல்தானே போகிறது என்பார்கள். நகல்தான், ஆனால் ரெஃபரன்ஸின் நகல். தள்ளுபடி கணக்கிடும் மெத்தட் அதை வைத்துக்கொண்டே உங்கள் மூலக் கட்டணத்தில் கைவைக்க முடியும்.

'நியூ' போட்டுத் தனி ஆப்ஜெக்ட் செய்துகொண்டவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். கட்டணத்துக்குள் கூடுதல் படுக்கை, காலைச் சிற்றுண்டி என்று ஒரு பட்டியல் இருக்கும். புதிய கட்டணத்தில் அதே பட்டியலின் ரெஃபரன்ஸை வைத்தால் வெளியே இரண்டு, உள்ளே ஒன்று. ஜாவாவின் நகலெடுக்கும் 'குளோன்' இயல்பாகச் செய்வதும் இதைத்தான். உள்ளே இருப்பதையும் தனியாக நகலெடுங்கள். அல்லது கட்டணத்தையும் அதன் பட்டியலையும் மாற்றவே முடியாதபடி எழுதுங்கள். நான் இரண்டாவது கட்சி.

சந்தேகம் வந்தால் நிரலை டிபக்கரில் (பிழை தேடும் கருவியில்) நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பக்கத்தில் ஓர் எண் தெரியும். இரண்டு பெயர்களுக்கும் ஒரே எண் என்றால் ஒரே ஆப்ஜெக்ட். அந்த மாணவன் அதைப் பார்த்தபிறகு கம்ப்யூட்டரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டான்.

இரட்டைச் சமக்குறியால் ஆப்ஜெக்டுகளை ஒப்பிடுவது

அது ரெஃபரன்ஸைத்தான் ஒப்பிடும். உள்ளடக்கத்தை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' வேண்டும். எல்லோரும் படித்ததுதான், ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. அறை எண்ணை, எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் 'இன்டிஜர்' வகையில் வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் முதல் மாடியின் 101, 102 எல்லாம் பொருந்தும். இரண்டாம் மாடியின் 201 பொருந்தாது. மைனஸ் 128 முதல் 127 வரையான எண்களுக்கு ஜாவா ஆயத்தமாக வைத்திருக்கும் ஆப்ஜெக்டையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது, அதற்கு மேல் வழக்கமாகப் புதிது புதிதாகச் செய்கிறது. ஒரு மாடி விடுதியை வைத்துச் சோதித்தவன் பாவம்.

'நல்' வந்த இடத்திலெல்லாம் 'இஃப்' போட்டு மூடுவது

நல் என்றால் எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத ரெஃபரன்ஸ். அதை மூடாதீர்கள், ஏன் வந்தது என்று பாருங்கள். நல் ரெஃபரன்ஸை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய கணினி அறிஞர் டோனி ஹோரே பின்னாளில் அதை நூறு கோடி டாலர் தவறு என்றார். ஜாவா 15 முதல் எது நல்லாக இருந்தது என்று பிழைச் செய்தியே சொல்கிறது. அதைப் படிக்காமல் 'இஃப்' எழுதுகிறவர்களை என்னவென்பது.

எல்லாவற்றையும் 'ஸ்டாட்டிக்' (கிளாஸுக்கே பொதுவானது) ஆக்குவது

வேண்டாம்.

வேறுபாடு இருந்தால் உடனே துணை கிளாஸ் எழுதுவது

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு ஒரு நிரல் எழுதச் சொன்னால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துணை கிளாஸ்கள் வந்து நிற்கும். திறந்து பார்த்தால் உள்ளே பெயர் மட்டும்தான் வேறு. அது தரவு, ஒரு மாறியில் அடங்கும். செயல்படும் விதமே வேறாக இருந்தால்தான் துணை கிளாஸ். இன்னொருவன் விடுதியை 'எக்ஸ்டெண்ட்' செய்து அறையின் துணை கிளாஸாக்கியிருந்தான், அறை எண் என்ற மாறி இலவசமாகக் கிடைக்கிறதாம். விடுதியில் அறைகள் இருக்கின்றன. விடுதி ஓர் அறை ஆகாது. ஜாவாவை உருவாக்கியவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள்: 1996-இல் வந்த முதல் பதிப்பிலேயே 'ஸ்டாக்' (அடுக்கு) கிளாஸை 'வெக்டர்' (பட்டியல்) கிளாஸின் துணையாக்கிவிட்டார்கள். மேலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய அடுக்கில் நடுவிலும் செருக முடிகிறது. இப்போது அதிகாரபூர்வ ஆவணமே ஸ்டாக்குக்குப் பதிலாக 'டெக்' வகையைப் பயன்படுத்தச் சொல்கிறது.

இரு பக்கமும் ரெஃபரன்ஸ் வைப்பது

அறைக்குத் தங்கியிருப்பவரைத் தெரியும், தங்கியிருப்பவருக்கு அறையைத் தெரியும். ஆப்ஜெக்டை எழுத்தாக்கித் தரும் 'டுஸ்ட்ரிங்' மெத்தடில் இரண்டுமே மற்றதை அச்சிட்டால் ஒன்றையொன்று அழைத்து அழைத்து, நினைவிடம் நிரம்பி 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று விழும். அறையை மாற்றும்போது ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டு மறுபக்கத்தை மறந்தால் அந்த அறிவிப்புகூட வராது. அறையின் பக்கம் மட்டும் ரெஃபரன்ஸ் வையுங்கள். இன்னார் எந்த அறை என்று கேட்டால் அறைகளின் பட்டியலில் தேடிச் சொல்லுங்கள். ஒரு விடுதியின் அறைகளைத் தேடுவது கணினிக்கு ஒரு வேலையே அல்ல.