பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? ஸ்கேனரையும் கொண்டுபோங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் வாங்குவது பழைய கார்தான். கூட்டிப்போக, தெரிந்த மெக்கானிக்கும் இருக்க மாட்டார். பரவாயில்லை, இன்ஜினை நடத்தும் கணினியிடமே விசாரிக்கலாம். அதற்கு, காரில் செருகினால் அந்தக் கணினி சொல்வதைப் படித்துக் காட்டும் சிறு கருவியான ஓபிடி-2 ஸ்கேனர் ஒன்று போதும்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களிலும் அதைச் செருகும் வசதி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின் சாக்கெட் தெரியும். போனில் பார்க்கும் ப்ளூடூத் வகையே போதும். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடைய முதல் ஸ்கேனர் அப்படித்தான் வீணானது.

ஸ்கேனரைச் செருகும் முன் ஒரு வேலை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். 'செக் இன்ஜின்' விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ செயலிழக்க வைத்திருக்கலாம்.

அப்புறம் ஸ்கேனரைச் செருகி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற காரில் அது வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டி இருக்கும். 60, 70 டிகிரி செல்சியஸ் காட்டினால், குளிர்ந்த இன்ஜினின் முக்கலும் முனகலும் உங்கள் காதில் விழாமலிருக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள்.

கோட், அதாவது கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு, எதுவும் இல்லை என்று வந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். கோட்களை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அழித்தால் கணினியின் சுயசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும்; 'ரெடினஸ்' பக்கத்தில் பல சோதனைகள் முடியாமல் கிடக்கும். கோட் அழித்தபின் ஓடிய தூரத்தையும் பல கார்கள் சொல்லும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகலாம் என்பதால் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போக வேண்டாம். சில நாள் ஓட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். புகைச் சோதனையைக் கணினி வழியே செய்யும் அமெரிக்க மாநிலங்களில், சோதனைகள் பல முடியாத காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோட் வந்தால்? பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் என எதுவும் காரணமாகலாம். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கோட் சொல்லாது.

துரு, கிளட்ச், சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் ஸ்கேனருக்கு ஒன்றும் தெரியாது. மலிவானவை ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம்கூடப் பெரும்பாலும் போவதில்லை. அவற்றுக்குப் பணம் கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் ஸ்கேனரைச் செருகவே விடவில்லையென்றால் அந்தச் செலவும் மிச்சம், அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.